நாளுக்கு நான்கு மணி நேரம்

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லித்தான் அந்தக் குழந்தையை அழைத்துவந்தார்கள். ஐந்து வயதுப் பெண். வலது கண்மணியின் நடுவில் ஒரு சொட்டுப் பால் உறைந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. டார்ச் அடித்தபோது வெளிச்சம் வரும் பக்கத்தைச் சரியாகக் கையால் காட்டினாள். இடது கண்ணை மூடிவிட்டு என் விரல்களை எண்ணச் சொன்னேன். "எங்க விரலு?" என்று கேட்டாள்.

அப்போது நான் திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திவந்த சிறிய கண் நிலையத்தில் வேலை செய்தேன். எண்பதுகளின் பாதி கடந்திருந்தது. மெட்ராஸில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, கண்ணின் அழுத்தம் அளப்பது, கட்டுப் பிரிப்பது, சொட்டு மருந்து விடச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் டாக்டர் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருவார். மற்ற நாட்களில் நானும் ஓர் ஆயாவும்தான். எனக்கு இருபத்து மூன்று வயது. எதையும் வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் தவறுக்கு இடமில்லை என்று நம்பிய வயது. வயதின் மேல் பழி போடுவதும் சரியில்லை, என் சுபாவமே அப்படித்தான்.

குழந்தையின் ஊர் அம்மையார்குப்பம். அப்பாவுக்குக் கைத்தறி நெசவு. வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறி. அதைச் சுற்றித்தான் சமையல், விளையாட்டு, தூக்கம் எல்லாம். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா நெய்துகொண்டிருந்தபோது நாடா தடம் விட்டு எகிறியிருக்கிறது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்து, நூலைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடும் மரக்கட்டை அது. நூல் சுற்றிய தார்க்குச்சியை அப்பாவிடம் நீட்டிக்கொண்டு தறியோரம் நின்றவளின் கண்ணில் பட்டது.

"இவரு தறிய நிறுத்திட்டாருங்க. இதுதான் குறுக்க போயி நின்னுகிச்சு" என்றாள் அம்மா.

"நான் நிறுத்தல" என்றார் அப்பா. சீட்டு எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, அதையும் எழுதிக்கொள் என்பவர்போல மறுபடி சொன்னார். "நிறுத்தவே இல்லீங்க."

அடிபட்ட அன்று கண் சிவந்திருக்கிறது. தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறார்கள். நாலு நாளில் சிவப்புப் போனதும் எல்லாம் போயிற்று என்று இருந்துவிட்டார்கள். அடி வாங்கிய லென்ஸ் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தையும் சொல்லவில்லை. ஒரு கண் தெரிந்தால் குழந்தைக்குப் போதும்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் பார்த்தார். பெரியவர்களுக்குப் புரை விழுந்தால் எங்கள் பக்கத்தில் அப்போது பெரும்பாலும் செய்தது ஒன்றுதான். வெளுத்த லென்ஸை எடுத்துவிட்டு சோடா புட்டிக் கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். ஒரு கண் மட்டும் கெட்ட குழந்தைக்கு அது உதவாது. கண்ணாடி வழியாக ஒரு கண்ணில் உருவம் பெரிதாகத் தெரியும், மற்றதில் சிறிதாகத் தெரியும். இரண்டையும் சேர்க்க முடியாமல் மூளை ஒன்றைத் தள்ளிவிடும். அதனால் எடுத்த லென்ஸ் இருந்த இடத்திலேயே செயற்கை லென்ஸ் ஒன்றை வைத்துவிடலாம் என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு அவர் வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கு வைக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் இருந்த காலம் அது. கண் இன்னும் வளரும், லென்ஸ் வளராது. அதையும் அவர் மறைக்காமல் அப்பாவிடம் சொன்னார்.

"லென்ஸ் வெக்கிறது என் வேலை. ஒரு மணி நேரம். அந்தக் கண்ணுக்குப் பார்க்கக் கத்துக்குடுக்கிறது உங்க வேலை. ஒரு வருஷமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். அதைச் செய்யலைன்னா நான் வெச்ச லென்ஸ் சும்மா உள்ள கிடக்கும், அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "எப்படின்னு இவங்க சொல்லித்தருவாங்க."

சொல்லித்தந்தேன். ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் பார்க்கப் பழகாவிட்டால் பிறகு எந்த ஆபரேஷனாலும் அதைப் பழக்க முடியாது. நல்ல கண் திறந்திருக்கும்வரை மூளை அதையே நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணைக் கட்டிவிட வேண்டும்.

"நல்ல கண்ணையா?" என்றாள் அம்மா.

"நல்ல கண்ணைத்தான்."

"கெட்டதத்தானே கட்டுவாங்க?"

"கெட்டதைக் கட்டினா அது இன்னும் சோம்பேறியாயிடும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மருமவ வேல செஞ்சிகினு இருந்தா மாமியா எந்திரிக்க மாட்டா. அந்த மாரிங்களா?"

மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா திரும்பினாள். "ஆங், அதேதான். மருமவள நாலு மணி நேரம் ஊருக்கு அனுப்பு. கெழவி தானா எந்திரிச்சி அடுப்பப் பத்த வெப்பா."

எல்லாரும் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். இத்தனை தெளிவாக இதற்கு முன் யாரும் புரிந்துகொண்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆபரேஷனுக்கு முந்திய வாரம் மலைக்குப் போய்க் கண்மலர் செலுத்திவிட்டு அப்படியே என்னைப் பார்க்க வந்தார்கள். வெள்ளித் தகட்டில் செய்த கண் விற்கும் கடைக்காரனோடு அம்மா சண்டை போட்டிருந்தாள். "ஒத்தக் கண்ணுதான் கெட்டுப்பூட்டுது, ஒண்ணு குடுப்பான்னா, 'இன்னாம்மா, சாமிக்கு ஒத்தக் கண்ணா வெப்ப?'ன்றான். ஜோடியாத்தான் குடுப்பானாம்."

"அப்புறம்?"

"ஜோடியாவே வாங்கினேன். நல்ல கண்ணுக்கும் ஒரு காவலு இருக்கட்டும்னு."

மெட்ராஸில் டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பதில் நானும் உதவினேன். மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் எழுதினேன். லென்ஸ் சின்ன டப்பாவில் இருந்தது. பயத்தம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய வட்டம், இரண்டு பக்கமும் மீசைபோல நீலக் கம்பி. குழந்தையை மயக்கத்துக்குக் கொண்டுபோகும் முன் அப்பா அதைப் பார்க்கக் கேட்டார். டப்பாவைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது தேயாதுங்களா?"

"தேயாது."

"அவ பாட்டியாகுற வரைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ செரி" என்றார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. லென்ஸ் வைத்த இடத்தில் நின்றது. சீழ் பிடிக்கவில்லை, அழுத்தம் ஏறவில்லை. ஐந்தாவது வாரம் கண்ணாடி போட்டோம். புது லென்ஸ் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளாது. ஆகவே கீழ்ப் பாதியில் கிட்டப் பார்வைக்குத் தனிப் பவர் வைத்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணை மூடி, பார்வைப் பலகையின் முதல் வரியைச் சொன்னாள். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கான பலகை அது. சீப்பு மாதிரி மூன்று பற்கள் உள்ள உருவம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். மொத்தம் ஏழு வரி. முதல் வரியின் ஒற்றைப் பெரிய உருவம் மட்டும் தெரிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு வரியாக இறங்க வைப்பதுதான் எங்கள் வேலை.

அன்று நான் கொடுத்த சீட்டை நானே எழுதி, ஸ்டென்சில் வெட்டிப் பல பிரதி உருட்டி எடுத்திருந்தேன். மாறுகண் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்துவந்தேன். நல்ல கண்ணைத்தான் கட்ட வேண்டும். இதற்குக் கீழே இரண்டு கோடு. நாளுக்கு நான்கு மணி நேரம். அதற்கு மேல் கூடாது, கட்டிய கண்ணுக்குக் கெடுதல். ஒரு நாளும் தவறக் கூடாது. பஞ்சு சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணைத் தேய்க்க விடக் கூடாது. மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். கூடவே கட்டம் போட்ட ஒரு தாள். கட்டிய நாளுக்கு ஒரு குறி வைத்து அடுத்த மாதம் கொண்டுவர வேண்டும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பா படித்துக்காட்டினார். பேனா பிடித்துப் பழக்கமில்லாததால் சாயத்தில் விரலைத் தொட்டுக் கட்டத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள் அம்மா. தறியில் என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறம். ஒரு மாதம் முழுக்க அரக்கு. அடுத்த மாதம் பாதி பச்சை, பாதி நீலம். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. மற்ற அம்மாக்களிடம் அந்தத் தாளை எடுத்துக்காட்டி, "பாருங்க, தறி வேலையும் செஞ்சிகிட்டு இவங்களால முடியுது" என்று சொல்வேன். அவள் கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

மூன்றாம் மாதம் முதல் வரி. ஐந்தாம் மாதம் முதல் வரி. ஏழாம் மாதம் இரண்டாம் வரியில் ஓர் உருவம் சொன்னாள், மறுபடி கேட்டபோது தவறாகச் சொன்னாள்.

என் நோட்டில் காரணங்களைப் பட்டியல் போட்டேன். லென்ஸ் நகர்ந்திருக்கலாம் என்று விளக்கில் பார்த்தேன், நகரவில்லை. குழந்தைகளுக்கு லென்ஸின் பின்னால் உள்ள சவ்வு மங்குவது சகஜம். டாக்டர் பார்த்தார், தெளிவாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பவரை இரண்டு முறை சரிபார்த்தேன். நாடா அடித்ததில் விழித்திரை கெட்டிருக்கலாம் என்பதையும் டாக்டர் பார்த்துவிட்டு, இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கினார். பட்டியலில் கடைசியாக, 'கண் கட்டுவது ஒழுங்காக நடக்கிறதா?' என்று எழுதியிருந்தேன். அதற்கு எதிரே, தாளைப் பார்த்து, 'ஆம், நூற்றுக்கு நூறு' என்று எழுதினேன்.

எட்டாம் மாதம் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவ்வளவு கட்டியும் வரலைன்னா இந்தக் கண் கத்துக்கப் போறதில்லை. குழந்தையை எதுக்குச் சித்திரவதை பண்ணணும்? அடுத்த மாசமும் இதே மாதிரின்னா நிறுத்திடலாம்."

இதை அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆறு வயது தாண்டிய பிள்ளை, கால்கள் அவர் முழங்கால்வரை தொங்கின.

அடுத்த மாதம் அம்மா மட்டும் அழைத்துவந்தாள். பார்வை எடுப்பதற்காக இடது கண்ணை மூடினேன். அட்டையால் மறைத்தால் ஓரமாக எட்டிப் பார்ப்பாள் என்று அன்று பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்தேன். அதைப் பார்த்ததும் குழந்தை பின்னால் நகர்ந்தாள்.

"எனக்குத் தூக்கம் வரலக்கா."

"தூங்கச் சொல்லலையே. இதை ஒட்டிகிட்டு அந்தப் படத்தைப் பார்க்கணும்."

"தூக்கம் வரல எனக்கு" என்று அழ ஆரம்பித்தாள். ஒட்டிய பிறகு எழுந்து நடக்கச் சொன்னபோது ஸ்டூலில் இடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடவினாள். முதல் நாள் கட்டிய பிள்ளை நடப்பதுபோல. எட்டு ஒன்பது மாதம் தினமும் நாலு மணி நேரம் இப்படி வீட்டுக்குள் நடந்து பழகியவள் இப்படியா தடவுவாள்? முந்திய மாதங்களில் அட்டையால் மூடியபோதும் அவள் இப்படித் தடவியது நினைவுக்கு வந்தது. ரிஜிஸ்தரைப் புரட்டினேன். இரண்டு இடத்தில் என் கையெழுத்திலேயே 'ஒத்துழைப்பு போதாது' என்று இருந்தது.

அம்மாவிடம் கேட்கத் திரும்பினேன். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள். அங்கே வைத்துக் கேட்டால், "ஆங், கட்டினேங்க" என்றுதான் சொல்வாள் என்று தோன்றியது. டாக்டர் வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் எனக்கு லீவு. ஆர்.கே.பேட்டை பஸ் ஏறி அம்மையார்குப்பத்தில் இறங்கினேன்.

காலை ஒன்பதரை இருக்கும். தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கஞ்சி தோய்த்த நூல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இரண்டு பக்கமும் ஆட்கள் இழை இழையாகப் பிரித்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பெண் எதிர்ச் சுவரோரம் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு கல் ஆடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கட்டு இல்லை.

வீட்டுக்குள் அம்மா ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை.  சுவரில் ஆணியில் என் கட்டத் தாள் தொங்கியது. நேற்றுவரை மஞ்சள் பொட்டு.

"இன்னைக்கு இன்னும் கட்டலையாங்க?"

"ராத்திரிதானேம்மா கட்டுவேன்."

"ராத்திரியா?"

"தூங்கினப்புறம். முழிச்சிகினு இருக்கச்ச கட்டினா பிச்சிப் போட்டுடுதும்மா. கூச்சல் போடுது. தறிக் குழில வேற விழுந்துச்சு ஒரு தபா. பஞ்ச எடுத்தாலே தூக்கம் வரலன்னு அழுவும். தூங்கிட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. எட்டு மணிக்கு ஒட்டிட்டு, பள்ளிப்பட்டுக்குப் போற கடைசி பஸ்ஸு போச்சுன்னா எடுத்துடுவேன். கரெக்டா நாலு மணி நேரம். மேல போனா நல்ல கண்ணு கெட்டுப்பூடும்னு சொன்னியே, அதுக்காக முழிச்சிகினே இருப்பேன். ஒரு நாளு கூட அசரலம்மா."

சொல்லிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். சீட்டைக் கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தாள். ஏழு வரியையும் படித்தேன். மறுபடி படித்தேன். விழித்திருக்கும்போது என்ற சொல் எந்த வரியிலும் இல்லை. கண்ணை மாற்றிக் கட்டிவிடுவார்களே என்று பயந்து இரண்டு கோடு போட்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏங்க, பகல்ல ஒரு நாளும் கட்டலையா?"

"மொத வாரம் கட்டினேன். எதிர்வீட்டுப் பாவு வெளிய போட்டிருக்கச்ச இது கண்ணக் கட்டிகினு எதிர்ல போயி நின்னுச்சு. அன்னிக்குன்னு பத்து இழ அறுந்துபோச்சு. சகுனத் தடையாம். இன்னா பேச்சு பேசினாங்க தெரியுமா? அதுக்கப்புறம்தான் உன்ன வந்து கேட்டேன்."

"என்னையா?"

"ஆங். எந்த நேரம் கட்டினாலும் பரவால்லியான்னு கேட்டேனே. நீ குனிஞ்சிகினு கோடு போட்டுகினு இருந்த. எந்த நேரமா இருந்தாலும் சரி, நாலு மணி நேரம் ஆகணும்னு சொன்ன."

கேட்டது நினைவில் இருந்தது. அடுத்த மாதத்துக்கான கட்டங்களை ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

என்ன சொல்வது என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது, ஏனென்றால் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் குழியிலிருந்து ஏறிவந்தார். இனிமேல் பகலில் கட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"தூங்கறப்ப கட்டினா பலன் இல்லைங்க" என்றேன். "மூடின கண்ணு மேல கட்டுறோம். கெட்ட கண்ணும் அப்ப மூடித்தான இருக்கு. அது எதையும் பார்க்கலை. முழிச்சிகிட்டு இருக்கும்போதுதான் கட்டணும். நான் அதை எழுதலை. நீங்க கேட்டப்பவும் சரியா சொல்லலை. தப்பு என்னோடது."

அம்மா ராட்டையின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ இத்தினி நாளு?"

நான் சீட்டை மடித்தேன்.

"நான் முழிச்சிகினு இருந்ததெல்லாம்?"

அவள் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தாள்.

"வந்தவ போனவகிட்ட எல்லாம் என் தாளத் தூக்கிக் காமிச்சியே. நீ படிச்சவதானே? ஒரு வார்த்த, இன்னா நேரம் கட்டுறன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" குரல் உயரவில்லை. கையில் இருந்த தார்க்குச்சியிலிருந்து நூலை உருவிக்கொண்டே இருந்தாள், சுற்றியதெல்லாம் மடியில் குவிந்தது. "நான்தான் முட்டாளு. தூங்குற புள்ளைக்கு இன்னா பாடம்னு எனக்காச்சும் தோணுச்சா?"

அப்பா கேட்டது ஒன்றுதான். "இப்போ கட்டினா வருமா?"

"ஆறே கால் வயசு. இன்னும் நேரம் இருக்கு. உறுதியா சொல்ல முடியாது."

அவர் வாசலுக்குப் போய்க் குழந்தையைக் கூப்பிட்டார். பஞ்சையும் பிளாஸ்திரியையும் என்னிடமிருந்து வாங்கி, தானே ஒட்டினார். குழந்தை அலறியது. "நைனா, வேணாம் நைனா, தூக்கம் வரல." தெருவில் எதிர்வீட்டு அம்மாள் பாவின் மறுபக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாடி, பட்டப்பகல்ல கட்ட ஆரம்பிச்சிட்டீங்களா? கண்ணு டாக்டரம்மா சொல்லிட்டாங்களா? எங்க பாவு அறுந்தா அந்தம்மா வந்து முடிஞ்சி குடுக்குமா கேளு."

"நான் வந்து முடியறேன்" என்றார் அப்பா வாசலிலிருந்து. "எத்தினி இழ அறுந்தாலும் கூப்புடு. என் தறிய நிறுத்திட்டு வரேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டு போனாள். அந்த மாதம் அவள் மூன்று முறை கூப்பிட்டனுப்பியதாகவும், மூன்று முறையும் அவர் போய் உட்கார்ந்து இழை முடிந்து கொடுத்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். குழந்தைக்கு வேலையும் அவரே கண்டுபிடித்தார். கழிவு நூலையெல்லாம் ஒரு கோணியில் கொட்டி, தறியிலிருந்து தள்ளி ஜன்னலோரம் உட்காரவைத்து, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னார். அரக்கையும் சிவப்பையும் முதலில் ஒன்றாகப் போட்டாளாம்.

சனிக்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு, "இந்தச் சீட்டை இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கே?" என்று கேட்டார்.

ஒன்பது பிள்ளைகள். பட்டியலை அன்றே எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பஸ் பிடித்து வீட்டு வீட்டாகப் போனேன். பெரும்பாலானவர்கள் பகலில்தான் கட்டியிருந்தார்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். இரண்டு வீட்டில் தூங்கும்போது. அந்த இரண்டு வீட்டிலும், தப்பு என்னோடது என்று அதே வாக்கியத்தைச் சொன்னேன். மிச்சமிருந்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு சீட்டுக் கொடுத்தால், வீட்டில் காலையில் எழுவதிலிருந்து தூங்குவதுவரை குழந்தை என்ன செய்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பேசும்போது பேனாவை மேஜைமேல் வைத்துவிடுகிறேன்.

பகலில் கட்டத் தொடங்கி இரண்டாவது மாதம் இரண்டாம் வரியை முழுதாகச் சொன்னாள். ஆயா கை தட்டினாள். நான் ரிஜிஸ்தரில் எழுதினேன்.  வரி இறங்காமலே இருந்திருந்தால், அந்தக் கண் எப்படியும் கற்றிருக்காது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் இடம் இருந்திருக்கும். இரண்டே மாதத்தில் ஒரு வரி இறங்கியது, அந்தக் கண்ணால் முடியும் என்று காட்டியது. ஆறாவது மாதம் மூன்றாம் வரி. அப்பா வந்த நாள் அது, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே பலகைக்குக் கிட்டப் போய் அந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வருடத்தில் நாலாம் வரி. அதற்குப் பிறகு நாலாம் வரிதான். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும், அதற்கு அப்புறமும்.

அப்படியே சில மாதம் போன பிறகு டாக்டர் நிறுத்தச் சொன்னார். குழந்தைக்கு எட்டு வயது ஆகியிருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இந்தக் கண்ணும் இப்போது சேர்ந்து உதவுகிறது. நல்ல கண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால்கூட வீட்டுக்குள் நடமாடவும், ஆளைத் தெரிந்துகொள்ளவும் போதும். படிக்கப் போதாது. இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா நின்றுகொண்டு கேட்டார். அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்டாள். "மொதல்லேர்ந்தே பகல்ல கட்டியிருந்தா கடைசி வரி வரைக்கும் வந்திருக்குங்களா?"

"அப்படியெல்லாம் கணக்குச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "அடிபட்ட கண்ணு. எத்தனையோ காரணம் இருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று பார்த்தாரா, சொல் என்று பார்த்தாரா தெரியவில்லை.

"கடைசி வரி வந்திருக்குமான்னு தெரியாதுங்க. ஆனா இன்னும் ஒரு வரி, ரெண்டு வரி வந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்."

"ஆங்" என்றாள். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டுக்கணும்னு இருந்துச்சு. கேட்டுக்கினேன்." எழுந்து பையை எடுத்தாள். போகும்போது என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அப்பா சொன்னார்.

பஸ் நிறுத்தம் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே. குழந்தை அப்பாவின் கையை விட்டுவிட்டு நின்று, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தூரத்தில் வந்துகொண்டிருந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்ற பிறகு அது அவளுக்கு ஒரு விளையாட்டாகப் போயிருந்தது.

"எழுத்து இருக்குது நைனா" என்றாள். "இன்னா எழுத்துன்னுதான் தெரியல."

"கிட்ட வரட்டும்" என்றார் அவர்.

பஸ் கிட்ட வந்தது. அவள் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்தவும் அவர் அவளைத் தூக்கிப் படியில் ஏற்றினார்.